கொடி விழும்வரை

சரவணபாண்டியின் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை அறுக்க நர்ஸ் கத்தரியை எடுத்தபோதுதான் சீனியம்மாள் அந்த வார்டில் முதல் முறையாகச் சத்தம் போட்டாள். அதுவரை அவளுக்கு வாய் இருக்கிறதா என்றே அங்கே யாருக்கும் தெரியாது. கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து கோத்திருந்தது. அவன் தவழ்வதற்கு முன்னால் கட்டியது. வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்து, கயிறு எத்தனையோ தரம் மாறியும் தாயத்து மாறவில்லை. ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது என்று நர்ஸ் சொன்னதும், அவளே முடிச்சை அவிழ்த்துத் தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பக்கத்தில் நின்ற டாக்டர் யாஸ்மின் தாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"என்ன இருக்கும், இவன் தொப்புள்கொடிதான்" என்றாள் சீனியம்மாள்.

டாக்டர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அவளையும் அவள் புருஷன் தவசியையும் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

பாண்டி சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மிஷின் ஓட்டியவன். மை படிந்த உருளைகளைத் தின்னரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும். படிப்பு முடிந்த வயதிலிருந்து ஜன்னல் இல்லாத ஷெட்டில் அதன் நெடியைச் சுவாசித்தான். முதலில் பல் ஈறில் ரத்தம் வந்தது. பிறகு கை பட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜை வற்றிவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். கோடைக் கிணறு மாதிரி, வாளியை விட்டால் தரையில் முட்டுகிறது. ஊரார் ரத்தத்தை ஏற்றி ஏற்றி ஆளைப் பிடித்து வைத்திருந்தார்கள். பொருந்துகிற மஜ்ஜை யாரிடமும் கிடைக்கவில்லை. கூடப் பிறந்தவர் உண்டா என்று கேட்டபோது, ஒத்தைப் பிள்ளை என்றார் தவசி. சீனியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ந்த தொப்புள்கொடியை முளைக்க வைத்து ஆளைப் பிழைக்க வைக்கிற மறுமுளை வைத்தியம் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நேற்றுவரை தாயத்தை மூடப்பழக்கம் என்று மேடை போட்டுச் சிரித்தவர்களெல்லாம் தாயைத் தேடிப்போய், 'என் கொடியை எங்கே வைத்தாய்' என்று கேட்டார்கள். பஸ் நிலையத் திருடன் கழுத்துச் சங்கிலியை விட்டுவிட்டு இடுப்புக் கயிற்றை அறுத்தான். பிள்ளையில்லாதவளுக்கு வாழைப்பழத்தில் வைத்து விழுங்கக் கொடுத்த கொடிக்காக, முப்பது வருஷம் கழித்து இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சுத்தபத்தமாகப் பிறந்தவர்களின் கொடியெல்லாம் கழிவோடு எரிந்துபோயிருந்தது. அவர்கள் வயிறும் எரிந்தது. சீனியம்மாளிடம் டி.வி.யும் கிடையாது, படிப்பும் கிடையாது. அவளுக்கு இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

"ஒவ்வொரு செல்லுக்கும் நடுவுல ஒரு உட்கரு இருக்கும்மா" என்றார் யாஸ்மின். "செல்லு செத்தா அதுவும் செத்துச்சு, தனியா எடுத்தா வெறும் தூசின்னுதான் நாங்க ரொம்ப காலமாப் படிச்சோம், சொல்லியும் குடுத்தோம். அது தப்பு. காஞ்சு கெடந்தாலும், சரியான சத்துத் தண்ணியில போட்டா அது தன்னைச் சுத்தித் தானே உடம்பு கட்டிக்குது. முழு செல்லா ஆகுது. அப்புறம் ரெண்டாகும், நாலாகும். அதை மஜ்ஜையா வளத்து அவருக்கு ஏத்தலாம்."

"வெதநெல்லு மாதிரியா?"

"வெதநெல்லுக்கு மண்ணு வேணும். இது மண்ணையும் தானே செஞ்சுக்குது."

பாண்டியின் உடம்பிலேயே கோடிக்கணக்கில் உட்கரு இருக்குமே, அதை எடுக்கக் கூடாதா என்று தவசி கேட்டார். அதையெல்லாம் தின்னர் தொட்டுக் கெடுத்துவிட்டது, முளைத்தால் புற்றாகத்தான் முளைக்கும் என்றார் டாக்டர். கொடி, பிறந்த கையோடு காய்ந்தது. விஷம் அதைத் தொட்டதில்லை.

"குடு, எடுத்துக் குடு" என்று தவசி அவசரப்படுத்தினார். சீனியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். தாயத்துக்குள் இருந்தது ஒரு கொடி இல்லை, இரண்டு. அது தவசிக்குக்கூடத் தெரியாது.

பாண்டிக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் சில வீடுகளில் தலைப்பிள்ளை பெண்ணானால் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. தவசி அன்றைக்கே முடித்துவிடப் பார்த்தார். சீனியம்மாள் பச்சை உடம்போடு எழுந்து உட்கார்ந்து, கொடி விழட்டும் என்றாள். கொடி ஒட்டியிருக்கும்வரை பிள்ளை தாயின் உடம்பில் பாதி, அதுவரைக்கும் ஆம்பளை கைபட்டால் குலசாமிக்கு ஆகாது என்று அவர்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. தவசி எதற்கும் பயப்படாதவர், குலசாமிக்குப் பயப்படுவார். சரி, விழட்டும் என்றார்.

ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவள் அந்தத் தொப்புளைப் பார்ப்பாள். காற்றுப் படாமல் துணி சுற்றி வைத்தாள். சீக்கிரம் காயும் என்று வேப்பெண்ணெய்கூடத் தொட்டு வைக்கவில்லை. மற்ற தாய்மாரெல்லாம் விழுந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், இவள் விழாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளை நன்றாகப் பால் குடித்தது, விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் துணியைப் பிரித்தபோது கொடி கையோடு வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல அவளுக்குச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஊருக்கு மஞ்சக்காமாலை என்று சொன்னார்கள். ஊரும் கேட்டுக்கொண்டது. அந்தக் கொடியை அவள் சேலைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். பாண்டி பிறந்து ஆசாரி தாயத்துச் செய்து கொண்டுவந்த அன்றைக்கு, அவர் அரக்கு வைத்து மூடுவதற்கு முன்னால் இரண்டையும் சேர்த்து உள்ளே போட்டாள். முன்னால் போனது பின்னால் வந்ததை இழுத்துக்கொள்ளும் என்று பயம். தம்பியை இழுத்துக்காதே, கூடவே இருந்து பார்த்துக்க என்று சொல்லித்தான் போட்டாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்துதான் கேட்டாள்.

டாக்டர் அவர்களை மறுபடி கூப்பிட்டபோது பாண்டிக்கு மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு திரை இருந்தது. அதில் வட்டவட்டமாக ஏதோ தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டம் நடுவில் சுருங்கி இரண்டானது. இதுதான் முளைத்தது என்றார் யாஸ்மின். சீனியம்மாள் கும்பிட்டாள்.

"ஆனா இது உங்க மகன் இல்ல" என்றார் டாக்டர். "இது பொண்ணு."

யாரோடதோ மாறிப்போய்விட்டது என்று தவசி குரலை உயர்த்தினார். டாக்டர் அவர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். மாறவில்லை, இதற்கும் பாண்டிக்கும் அப்பாவும் ஒன்று, அம்மாவும் ஒன்று என்றார். பாண்டியின் உட்கருவும் அதில் இருந்தது, ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. எழுந்ததெல்லாம் இந்தப் பெண். அவள் மஜ்ஜை பாண்டிக்கு அச்சாகப் பொருந்துகிறது.

தவசி மனைவியைப் பார்த்த பார்வையில், வீடாக இருந்தால் அறை விழுந்திருக்கும். பிறகு அவருக்குள் என்னவோ கணக்கு ஓடியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா டாக்டர், மூத்தது ஒண்ணு பொறந்துச்சு. மஞ்சக்காமாலையில போயிருச்சு. அதுக்கென்ன, பொருந்துதுல்ல, ஏத்திருங்க" என்றார்.

டாக்டர் திரையை அணைத்தார். "அப்படின்னா ஏத்த முடியாது" என்றார்.

தவசிக்குப் புரியவில்லை. டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறந்த பிள்ளை காமாலையில் செத்தது என்றால் ரத்தத்திலேயே கோளாறு இருந்திருக்கலாம். தெரிந்த கோளாறுகளையெல்லாம் தேடிப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. தெரியாதது ஆயிரம் இருக்கிறது. இவனுடைய பழைய மஜ்ஜையைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதிதை ஏற்ற வேண்டும். அதிலும் வியாதி இருந்தால் திரும்பிப் போக வழி கிடையாது. காமாலை இல்லை டாக்டர், காய்ச்சல் என்று தவசி மாற்றிப் பார்த்தார். அதுவும் அதே கதைதான்.

"அந்தப் பிள்ளை எதனால செத்துச்சுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும்" என்றார் யாஸ்மின். இந்த முறை அவர் தவசியைப் பார்க்கவில்லை. "தெரியாம நான் ஏத்த மாட்டேன். இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிர்றேன். போலீஸ்ல சொல்ல வேண்டிய விஷயமா இருந்தா நான் சொல்லித்தான் ஆகணும். யோசிச்சுட்டு வாங்க."

வராந்தாவில் தவசி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். யாரைக் கேட்டு அந்தக் கொடியைத் தாயத்துக்குள் போட்டாய் என்று ஆரம்பித்து, வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி பார்ப்போம் என்பதில் வந்து நின்றார். போன உசுருக்காக இருக்கிற இரண்டு உசுரும் ஜெயிலுக்குப் போகணுமா என்று கேட்டார். பேச்சில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. தவசி பேச்சு எப்போதுமே அப்படித்தான் இருக்கும். சீனியம்மாள் கண்ணாடிக் கதவு வழியாக மகனைப் பார்த்தாள். மருமகள் கோகிலா அவன் மூக்குக்கு அடியில் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய துணி முழுக்க நனைந்திருந்தது.

"அவன் ஊர் மாத்துற வரைக்கும் இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, பிடித்த கையை உதறிக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

டாக்டர் உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"அதுக்கு ஒரு நோவும் இல்லம்மா. நல்லா இருந்துச்சு. ஒரு தும்மல்கூட இல்ல. எங்க வீட்டுக்காரரு கரைச்சுக் குடுத்தாரு. அவரு கையால குடுத்தப்ப துப்பிருச்சு. அப்புறம் நான் குடுத்தேன். எங்கையால குடுத்ததும் குடிச்சிருச்சு."

யாஸ்மின் எத்தனையோ சாவைப் பார்த்தவர். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அழுதாரா என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அப்ப ஏத்தலாம்" என்றார்.

ஏற்றினார்கள். பிடித்துக்கொண்டது. வாடிய முருங்கை துளிர்த்த மாதிரி பாண்டி மெல்லமெல்ல எழுந்தான். ஈறு ஆறியது. யார் ரத்தமும் இல்லாமல் அவன் எலும்பே ரத்தம் ஊறியது. பரிசோதனையில் அந்த ரத்தம் பெண் என்று வந்தது, இனி எப்போது எடுத்தாலும் அப்படித்தான் வரும் என்றார்கள். அதற்குக் காரணம் கேட்டபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எப்படி இருந்தாள், யார் சாயல் என்று கேட்பான் என்று சீனியம்மாள் காத்திருந்தாள். அந்தக் கேள்விக்கு அவள் பதில்கூட வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

அவன் கேட்டது வேறு. அப்பாவை உள்ளே வைத்துவிடுவார்களா என்று கேட்டான்.

தவசி அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வக்கீல் சொன்னதை மகன் கட்டிலில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். பிறந்ததற்கும் பதிவில்லை, இறந்ததற்கும் பதிவில்லை. புதைத்த இடத்தின் மேல் இப்போது நாலுவழிச் சாலை ஓடுகிறது, எலும்பு தேடவும் வழி கிடையாது. அப்படி ஒரு பெண் உலகத்தில் இருந்தாள் என்பதற்கு மீதம் இருக்கிற ஒரே சாட்சி, ஆஸ்பத்திரியில் குடுவைக்குள் வளர்ந்துகொண்டிருக்கிற அந்தச் செல்கள்தான். ஏற்றியதுபோக மிச்சம் நோயாளிக்குச் சொந்தம் என்று விதி. நோயாளி சொன்னால் அழித்துவிடுவார்கள்.

பாண்டி அம்மாவைப் பார்த்தான். நல்ல பிள்ளைதான் அவன். சம்பாதித்ததை வீட்டில் கொடுத்தவன், பெண்டாட்டியைக் கை நீட்டி அடிக்காதவன். தன் மகளைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

"அம்மா, அது நீயும் ஜெயிலுக்குப் போற விஷயம்" என்றான். "செத்தவளுக்கு அதுனால என்ன வந்துரப் போகுது?"

"ரெண்டு நாள் பொறுப்பா" என்றாள் சீனியம்மாள்.

"எதுக்கு?"

முன்னேயாவது விழுவதற்குக் கொடி இருந்தது.

பாண்டி அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். டாக்டர் யாஸ்மினுக்கு இதில் இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. விதி விதிதான். சாதாரணமாகக் கொன்றால் போதாது என்று அவர் விளக்கினார். செல்லைக் கொன்றாலும் உட்கரு மிஞ்சினால் பிறகு என்றைக்காவது ஒருநாள் முளைத்துக்கொள்ளும். அதனால் அழுத்த நீராவியில் வைத்து வேகவிட வேண்டும். நம் வீட்டுக் குக்கர் மாதிரிதான், கொஞ்சம் பெரிது. சீனியம்மாள் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். குடுவையில் ரோஜா நிறத்தில் தண்ணீர் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் அதை எடுத்து உள்ளே வைத்துக் கதவைத் திருகினாள். முன்னே ஒரு தடவை நடந்தபோது சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை மூடவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்தார். டாக்டர் அனுப்பிய தகவல் அவர் கையில் இருந்தது. நடுத்தர வயது, நல்ல மனுஷன். பாண்டியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். தவசி, அப்படி ஒரு பிள்ளையே பிறக்கவில்லை என்றார். மகன் படுத்த நாளிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் இவளுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு, ஏதோ உளறியிருக்கிறாள் என்றார். குடுவை எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். விதிப்படி நேற்று அழித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார், சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அதில் பாதி நிம்மதி. முப்பது வருஷத்துக்கு முந்தின கேஸை யார் கட்டிக்கொண்டு அழுவது?

"அம்மா" என்றார் சீனியம்மாளைப் பார்த்து. "சாட்சி இல்ல, சடலம் இல்ல. மகன் பொழச்சு வந்துட்டாரு. நீங்க ஏதோ மனசு சரியில்லாம சொன்னதா நான் முடிச்சிர்றேன். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

தவசி கை எடுத்துக் கும்பிட்டார். பாண்டி கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தான். எல்லாம் சுமுகமாக முடிந்த மாதிரி ஒரு அமைதி வந்தது. சீனியம்மாளுக்கு அந்த அமைதியைத் தெரியும். பிள்ளை கடைசியாக அழுது ஓய்ந்த அன்றைக்கு வீட்டில் இதே அமைதிதான் இருந்தது. அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"ஐயா, நான் உளறல" என்றாள். "அந்தக் குடுவையிலதான் அவ இருந்தான்னு இவங்க நெனக்கிறாங்க. எம்மகன் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க. எம்மக அங்கதான் இருக்கா. தம்பியைப் பாத்துக்கன்னு சொன்னேன், பாத்துக்கிட்டா. வேகவைக்கணும்னா இனி இவனையில்ல வேகவைக்கணும்."

இன்ஸ்பெக்டர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஆமாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

எல்லோரும் பாண்டியைப் பார்த்தார்கள். அவன் போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டு விரல்களை இறுக மூடிக்கொண்டான்.